எந்த வழக்கு, நிகம்ஜி?

ஹைகோர்ட் கான்டீனில் பிரிஜ்பூஷண் நிகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், அந்த மேஜையில் இருப்பவர்களுக்கெல்லாம் வேலை ஞாபகம் வந்துவிடும். ஒருவருக்குக் கோர்ட்டில் கேஸ் கூப்பிட்டிருப்பார்கள். இன்னொருவருக்குக் கட்சிக்காரர் காத்திருப்பார். கேஸும் கட்சிக்காரரும் இல்லாத வக்கீல்கள்கூட, அங்கே அப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பான்மை, மிச்சச் சமோசாவைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கவுன் பறக்க ஓடுவார்கள்.

"நிகம்ஜி, கூட்ட நேரமாப் பார்த்து வாங்க. நீங்க உக்காந்தா எனக்கு மேஜை சட்டுனு காலியாவுது" என்பார் கான்டீன் சேதிலால், டீயை வைத்தபடி. அந்தக் கட்டடத்தில் அவரிடம் முகம் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் சேதிலால். அவருக்கும் கல்லாவில் வேலை இருக்கும்.

நிகம் செய்த குற்றம் இதுதான்: ஒரு நீதிபதியின் மேல் புகார் எழுதி, அதன் அடியில் கையெழுத்துப் போட்டார். வெறுமனே பேசியிருந்தால் பரவாயில்லை. அந்தக் கான்டீனில் நீதிபதிகளைப் பற்றிப் பேசப்படாத விஷயம் எதுவும் கிடையாது. மொட்டைக் கடுதாசி போட்டிருந்தாலும் பரவாயில்லை, அது காலங்காலமாக இருந்துவரும் மரபு. சொந்தப் பெயரில், பிரமாணப் பத்திரம் இணைத்து, பதிவுத் தபாலில் டெல்லிக்கு அனுப்பியதைத்தான் யாராலும் மன்னிக்க முடியவில்லை. மனைவி போனபிறகு மனுஷன் ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு ஜூனியர்கள் இருந்தார்கள். ஒருவனுக்கு அப்பாவின் உடல்நிலை சரியில்லாமல் போனது, மற்றவனுக்கு விலகிப்போக அந்தச் சாக்குகூடத் தேவைப்படவில்லை.

புகாருக்குக் காரணமான ஆள் பஹோரன் நிஷாத். சின்ன ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். பைபாஸ் ரோட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். அவனிடம் மைக் செட் எடுத்தார்கள். போலீஸ் வந்தபோது பேசினவர்கள் எல்லாம் வயல் வழியாகப் போய்விட்டார்கள். மரத்தில் கட்டியிருந்த இரண்டு புனல் ஸ்பீக்கர்கள் மட்டும் ஓடவில்லை. அவற்றின் மேல் பெரிய எழுத்தில் பஹோரன் என்று பெயிண்ட் அடித்திருந்தது. பேசினவர்கள் நெற்றியில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆகவே பொது அமைதிக்கு ஆபத்தானவன் பஹோரன்தான் என்று கலெக்டர் முடிவு செய்து, விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்க உத்தரவு போட்டார்.

நிகம் ஆட்கொணர்வு மனு போட்டார். அது இருவர் பெஞ்சுக்குப் போனது. மூத்தவர் ஜஸ்டிஸ் ஹரிவல்லப் சாண்டில்ய. மனிதனின் உடம்பைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கிற மனு என்பதால் மற்ற எல்லா வழக்குகளுக்கும் முன்னால் எடுக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அரசு வக்கீலுக்கு ஃபைல் வரவில்லை. பிறகு ஃபைல் வந்தது, அரசு வக்கீல் வரவில்லை. பிறகு இருவரும் வந்த அன்று ஒரு மூத்த வக்கீல் இறந்துபோனார். ஹைகோர்ட் வக்கீல் இறந்தால் அன்றைக்கு யாரும் வேலை பார்ப்பதில்லை. பார் எனப்படும் அந்த வக்கீல் சங்கத்தில் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் துக்கத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நடுவில் ஒரு நாள் நீதிபதியே இல்லை. அரசியலமைப்பு நாளை முன்னிட்டு, தனிமனித சுதந்திரம் என்ற தலைப்பில் சொற்பொழிவாற்றச் சட்டக் கல்லூரிக்குப் போயிருந்தார்.

இப்படியே வருஷம் முடிந்தது. காவல் காலம் தீர்ந்து பஹோரன் தானாகவே வெளியே வந்தான். மறுவாரம் மனு பட்டியலில் முதலில் இருந்தது. ஆள்தான் வெளியே வந்துவிட்டானே, இனி இந்த மனுவுக்குப் பயன் இல்லை என்று இரண்டே வரியில் முடித்து வைத்தார் சாண்டில்ய. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நிகமின் புகார் டெல்லிக்குப் போய், உரிய நடவடிக்கைக்காக என்ற குறிப்போடு, அது கிளம்பின அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்தது. கவனமாகப் பரிசீலித்துக் கோப்பில் சேர்த்தாயிற்று என்று ஒரு பதில் கிடைத்தது. சர்க்காரில் கோப்பில் சேர்ப்பது என்பது மண்ணைத் தள்ளி மூடுவதற்குச் சொல்லும் மரியாதையான வார்த்தை. நீதிபதியை நீக்க வேண்டுமென்றால் பார்லிமென்ட் இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினாலே பதில் போடாத எம்.பி.க்கள் நூறு பேர் கையெழுத்திட வேண்டும். நிகம் இரண்டு எம்.பி.க்களைப் போய்ப் பார்த்தார். ஒருவர் லட்டு கொடுத்தார். இன்னொருவர் தன் மேல் நிலுவையில் இருந்த வழக்கைப் பற்றி இலவச யோசனை கேட்டார்.

சாண்டில்ய ஓய்வு பெறும் நாள் வந்தது. ஓய்வு பெறுகிற நீதிபதிக்கு ஒரு வழியனுப்பு அமர்வு உண்டு. தலைமை நீதிபதியின் கோர்ட்டில் எல்லா நீதிபதிகளும் வரிசையாக மேலே உட்கார்ந்திருக்க, கீழே பாரின் சார்பில் ஒருவர் நின்று பாராட்டிப் பேசுவார். யோசித்துப் பார்த்தால் அது ஒரு விசித்திரமான அமர்வு. பல வருஷம் வக்கீல்களைப் பாதியில் நிறுத்தியே பழகின மனிதர் அன்றைக்கு மட்டும் நிறுத்த முடியாது. அடுத்த கேஸ் என்று சொல்ல முடியாது. வாய்தா போட முடியாது. உட்கார்ந்து, கடைசி வரை, வாயைத் திறக்காமல் கேட்டாக வேண்டும்.

பாரின் சார்பில் தலைவர்தான் பேசுவது வழக்கம். அந்த வருஷம் பாருக்கு இரண்டு தலைவர்கள். இருவரும் ஜெயித்ததாகச் சொல்லி, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் அதே ஹைகோர்ட்டில் தடை வாங்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் சங்கம் மூத்தோர் கமிட்டியின் கைக்குப் போகும். கமிட்டியில் ஐந்து பேர். ஒருவர் காலமாகி விட்டார், ஒருவர் மகளோடு கனடாவில், ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவர் அவசரமாக ஊருக்குப் போய்விட்டார். மிச்சம் நிகம்.

இணைச் செயலாளர் லோகேஷ் பச்சௌரி வீட்டுக்கே வந்துவிட்டான்.

"பாய்சாப், உங்களுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"எனக்கு முட்டி வலியே கிடையாதேப்பா."

"இந்த வயசுல இல்லாம இருக்குமா? ரெண்டு நாள் படுத்துக்கங்க. நான் படிச்சுடறேன், நீங்க பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினதா ஆயிடும்."

"நானே வந்து படிக்கறேன்."

பச்சௌரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஓர் உரையை எடுத்து நீட்டினான். ஒவ்வொரு வழியனுப்புக்கும் வாசிக்கப்பட்டது அது. புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே மேதையாக விளங்கி, கடலைப் போன்ற பொறுமை, மலையைப் போன்ற உறுதி. ஓரிடத்தில் முந்தின நீதிபதியின் ஊர்ப் பெயரை அடிக்க மறந்திருந்தார்கள்.

"இதுல ஒரு எழுத்தும் மாத்தாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன். அவரு அடுத்த மாசம் கமிஷன் சேர்மன் ஆகப்போறாரு. எம் மச்சினனோட ஃபைல் அங்கதான் இருக்கு. உங்களுக்கென்ன பாய்சாப், நீங்க தனிக்கட்டை. எங்களுக்குக் குடும்பம் இருக்கு."

தனிக்கட்டை என்பது உண்மைதான். பையன் பூனாவில், ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, குழந்தை தூங்குகிறாள் அப்பா, அப்புறம் கூப்பிடறேன் என்பான். நிகம் உரையை வாங்கி வைத்துக்கொண்டார். படிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் கோர்ட்டில் நின்றவருக்கு இதுகூடத் தெரியாதா?

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பஹோரன் நிஷாத் என்ற பெயரை அந்த நீதிபதி ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும். தண்டனை கிடையாது, பதவி பறிப்பு கிடையாது, அதெல்லாம் நடக்காது. அந்த ஒரு வருஷம் ஒரு மனிதனுடையது, அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்று அவர் காதில் விழ வேண்டும்.

மத்தியானம் சூரத்துக்குப் போன் போட்டார். பஹோரன் அங்கே ஒரு சேலை மில்லில் இருந்தான். தறிச் சத்தத்துக்கு நடுவே கத்தினான்.

"எம் பேரையா? வேணாம் வக்கீல் சாப்!"

"உனக்காகத்தாம்பா பேசப்போறேன்."

"எனக்காகன்னா பேசாதீங்க. நீங்க டெல்லிக்கு எழுதிப் போட்டீங்கல்ல, அதுக்கப்புறம் போலீஸ் தரோகா எங்க வீட்டுக்கு வந்து வந்து டீ குடிச்சாரு. ஒண்ணும் கேக்கல. சும்மா உக்காந்து டீ குடிச்சுட்டு, தம்பி என்ன பண்றான், தங்கச்சி என்ன பண்றான்னு விசாரிச்சுட்டுப் போவாரு. தம்பி இன்னமும் அங்கதான் இருக்கான். சத்தியம் பண்ணுங்க. எம் பேரு, ஊரு, தொழிலு, ஒண்ணும் சொல்லக்கூடாது. யாரு கேட்டாலும்."

நிகம், தானே எழுதி வைத்திருந்த வேறோர் உரையை மடித்து வைத்தார். பிறகு சத்தியம் செய்தார்.

"கோவமா வக்கீல் சாப்?"

"இல்லப்பா."

"சாப்பிட்டீங்களா? குரலே கம்மியா இருக்கு. ஒழுங்கா சாப்பிடுங்க."

சாப்பிட்டீர்களா என்று அவரை யாரோ கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அன்று சாயந்திரம் உட்கார்ந்து, தன் உரையிலிருந்து பெயரை எடுத்தார். ஊரை எடுத்தார். மைக் செட்டை எடுத்தார், பைபாஸ் ரோட்டை எடுத்தார். எல்லாம் எடுத்தபிறகு மிஞ்சியது ஓர் ஏழையும் அரசியலமைப்புச் சட்டமும். இரண்டையும் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் மேடைதோறும் புகழ்ந்து பழகியவர்கள். இதிலிருந்து வரப்போகிற விபரீதம் அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

வழியனுப்பு நாளில் கோர்ட் நிரம்பியிருந்தது. தலைப்பாகை கட்டிய தபேதார்கள் வெள்ளிக்கோலைத் தட்டி வழிவிட, நீதிபதிகள் வந்து அமர்ந்தார்கள். நடுவில் சாண்டில்ய, கல்யாண மாப்பிள்ளை போல. நிகம் எழுந்தபோது பச்சௌரி கண்ணை மூடிக்கொண்டான்.

"மாண்புமிகு நீதியரசர் முன் ஓர் ஏழை மனிதனின் ஆட்கொணர்வு மனு வந்தது. விசாரணையின்றிச் சிறையில் இருந்தவன். அரசியலமைப்பு அவனுக்குத் தந்த உரிமை பறிபோகிறது, உடனே விசாரியுங்கள் என்று நான் கெஞ்சினேன். நீதியரசர் அவசரப்படவில்லை."

கைதட்டினார்கள். வழியனுப்பு உரையில் பேசுகிறவர் மூச்சு வாங்கினால் கைதட்ட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் கை வந்த பழக்கம். காதைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

"அரசு வக்கீல் அவகாசம் கேட்டபோதெல்லாம் கொடுத்தார்."

அரசு வக்கீல்கள் இருந்த பக்கத்திலிருந்து பலத்த கைதட்டல்.

"எங்கள் வக்கீல் ஒருவர் இறந்தபோது, உயிரோடு இருந்தவனின் வழக்கைத் தள்ளி வைத்தார்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"தனிமனித சுதந்திரம் பற்றிச் சட்டக் கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். அன்றைக்கும் அந்த வழக்கு பட்டியலில் இருந்தது. கடைசியில் காவல் காலம் முழுவதும் முடிந்து அவன் வெளியே வந்தான். பிறகு நீதியரசர் ஒரே நாளில் தீர்ப்பு வழங்கினார்."

ஒரே நாளில் என்பது எல்லோர் காதிலும் விழுந்தது. மேஜையைத் தட்டினார்கள். நிகமுக்கு முகம் சிவந்தது. கையைத் தூக்கி, அந்த உரையில் எழுதியிராத ஒன்றைச் சத்தமாகச் சொன்னார்.

"இது பாராட்டு இல்லை!"

புகழ்ச்சியின் உச்சம் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. வெறும் பாராட்டுக்கு அடங்காத மனிதர் என்கிறார் பாருங்கள் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். தலைமை நீதிபதியும் தட்டினார். அந்த அறையில் கை தட்டாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கீழே நின்றுகொண்டிருந்தார். மற்றவர் மேலே நடுவில் உட்கார்ந்து, புன்னகையை முகத்திலிருந்து எடுக்க மறந்துபோய் கீழே இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ விருந்தில் பச்சௌரி ஓடி வந்து கட்டிக்கொண்டான். "கொன்னுட்டீங்க பாய்சாப்! நான் பயந்தே செத்தேன். கடைசியில அந்த ஒரு வரி இருக்கே, ஆஹா!" ஒருவர் காஜு பர்பியை நிகமின் வாயிலேயே திணித்தார். பாதி சமோசாவோடு ஓடினவர்கள் எல்லாம் வந்து கைகுலுக்கினார்கள். நாளைக்குக் கான்டீனில் சந்திப்போம், எவ்வளவு நாளாயிற்று பேசி என்றார்கள். தனியாக டீ குடித்த நாட்களில்கூட நிகமுக்கு இப்படி வெறிச்சென்று இருந்ததில்லை. பர்பியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

"நிகம்ஜி, ஒரு நிமிஷம்."

சாண்டில்ய. தூண் ஓரமாக, பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார்.

"நீங்க பேசினதை நான் கேட்டேன்" என்றார்.

"தெரியும் மைலார்ட்."

"எந்த வழக்கு அது?"

நிகம் அவரையே பார்த்தார். கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"அந்த ஸ்கூல் வாத்தியாரா? போஸ்டர் ஒட்டினாரே."

"இல்ல மைலார்ட்."

"அப்ப யுனிவர்சிட்டிப் பையன். அவனோட அம்மா பின்னால நின்னுட்டே இருப்பா, உக்காரச் சொன்னாலும் உக்கார மாட்டா."

"அவன் இல்ல."

"கரும்பு ஆளுங்க? இல்ல, அவங்க மூணு பேரு. நீங்க ஒருத்தன்னு சொன்னீங்க." நீதிபதி தாடையைத் தடவினார். "பேரைச் சொல்லிடுங்களேன்."

பெயர் நிகமின் நாக்கு நுனியில் நின்றது. இதற்காகத்தான் இத்தனையும்.

"சொல்ல முடியாது மைலார்ட். அவனுக்குப் பயம்."

"யாரைப் பார்த்து? நான்தான் ரிட்டையர் ஆயிட்டேனே!"

குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். சாண்டில்ய போய் நடுநாற்காலியில் உட்கார்ந்தார். போட்டோவில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை என்று பிறகு எல்லோரும் குறைப்பட்டார்கள்.

கமிஷன் சேர்மன் பதவி வேறு ஒருவருக்குப் போயிற்று. கொடி வைத்த கார் போயிற்று, தபேதார் போனான், பங்களாவைக் காலி செய்து சாண்டில்ய நகரத்தின் மறுகோடியில் சொந்த வீட்டுக்குப் போனார். பச்சௌரியின் மச்சினன் ஃபைலோடு பச்சௌரியும் புதிய சேர்மன் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஒருநாள் மாலை நிகமின் போன் அடித்தது.

"அந்தப் பல் டாக்டரா, நிகம்ஜி?"

"இல்ல மைலார்ட்."

"சரி. தூக்கம் வராமக் கேக்கறேன்னு நெனைச்சுக்காதீங்க. நல்லாத் தூங்கறேன். சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

சும்மா தெரிந்துகொள்ளும் ஆவல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தது. படகுக்காரனா? பத்திரிகைக்காரனா? ஜாமீன் கிடைத்த அன்றே மறுபடி பிடித்துப் போனார்களே, அந்தத் தச்சனா? நிகம் கேள்விப்படாத பெயர்களெல்லாம் வந்தன. யாருடைய கண்ணாடி உடைந்திருந்தது, யாருடைய குழந்தை கோர்ட்டில் அழுதது என்பதெல்லாம் அந்த மனிதருக்கு ஞாபகம் இருந்தது. எதைச் செய்யவில்லை என்பது மட்டும்தான் அந்தச் சமயத்தில் மறந்திருந்தது போல. நிகம் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை பையனைத் தவிர வேறு யாரும் அந்த போனுக்குக் கூப்பிடுவதில்லை. கான்டீன் மேஜையில் இப்போது ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர் அங்கே போவதை நிறுத்தியிருந்தார். சில நாட்கள் மாலையில் போனைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வதை அவரே கவனித்து, எரிச்சலோடு தள்ளி வைப்பார்.

பனி கவிந்த ஒரு மத்தியானம். நிகம் போர்வையைப் போர்த்திக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நிகம்ஜி, கண்டுபிடிச்சுட்டேன்! மைக் செட்காரன்! பைபாஸ் ரோடு. புனல்ல பேரு எழுதியிருந்ததுன்னு உள்ள தள்ளினாங்க. நீங்க அதைச் சொன்னப்ப கோர்ட்டே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பஹோரன். பஹோரன் நிஷாத். அவன்தானே?"

நிகமின் கையில் இருந்த பட்டாணி கீழே உருண்டது. அந்தப் பெயர் அந்த வாயிலிருந்து. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"அவன் எங்க இருக்கான்? நேர்ல பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும், நிகம்ஜி. மன்னிப்புன்னே வச்சுக்கங்க. ஒண்ணும் சிரமம் இல்ல, எஸ்.பி. எனக்குத் தெரிஞ்ச பையன்தான். சொன்னா ஒரு மணி நேரத்துல ஆளைத் தூக்கிட்டு வந்து என் முன்னால நிறுத்திடுவான்."

நிகம் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள், பஹோரன் வீட்டில் தரோகா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் இல்ல மைலார்ட்."

"இல்லையா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவனும் முழு வருஷம் உள்ளதானே இருந்தான்?"

"இருந்தான்."

"என் முன்னாலதானே?"

"உங்க முன்னாலதான்."

"அப்ப இவனும்..."

"ஆமா மைலார்ட். இவனும்."

அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிடுவார் என்று நிகம் காத்திருந்தார், அவர் வைக்கவில்லை. நிகமும் வைக்கவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அடுத்த பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.